திங்கள் பத்தரை மணி

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் சகாயராணி.
ஆதாரில் சகாய ராணி, நடுவே ஓர் இடைவெளி.
ரேஷன் கார்டில் வெறும் ராணி.
ஸ்ரீராமபுரத்து ஜெராக்ஸ் கடைப் பையன்
மூன்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு
'மூணு பேருக்கும் சேர்த்தாக்கா?' என்றான்.
திங்கள் பத்தரைக்கு இன்டர்வியூ.
மூன்று பேருமாகத்தான் போகவேண்டும்.

துணி அடுக்கும் அறையில்
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் மேடமாக உட்கார்கிறாள் முனிலட்சுமி.
அவளும் நானும் ஒரே நீலச் சீருடை,
ஒரே பினாயில் வாசம்.
ஆனாலும் அவள் கால்மேல் கால் போட்டதும்
எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

'யாக்கெ?' என்கிறாள்.
ஏன் இந்தப் பயிற்சிக்கு வருகிறாய்?

சேவை மனப்பான்மை, என்கிறேன்.
சின்ன வயதிலிருந்தே, என்கிறேன்.
சிரிப்பை அடக்கத்
துவைத்த தலையணை உறையொன்றை
வாயில் வைத்துக்கொள்கிறாள்.
நிஜமாகச் சின்ன வயதில் என்னவாக நினைத்தாய்?
கண்டக்டர்.
என் விசிலுக்கு ஒரு பஸ்ஸே நிற்கும்.
'அதைச் சொல்லித் தொலைக்காதே.'

சம்பளம் நாலாயிரம் கூடும் என்பதையும்
சொல்லக்கூடாது.
வீட்டுக்காரர் எங்கே என்றால், வெளியூரில்.
எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள்,
கேட்டால் எனக்கும் தெரியாது.
முப்பத்துநாலு வயதில் ஏன் இப்போது என்றால்
இப்போதுதான் மகன்
தானே சோறு போட்டுச் சாப்பிடுகிறான்.
இது ஒன்றுதான் ஒத்திகை இல்லாமல் வருகிறது.

மெஜஸ்டிக்கில் பஸ் மாறி
நின்றபடி உதடு மட்டும் அசையப் படிக்கிறேன்.
நாடி, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால்
சிக்னலுக்குள் நூறைத் தாண்டுகிறது எனக்கு.
மூக்கு மூகு. காது கிவி.
வாய்க்கு பாயி, பாயை நினைத்துக்கொண்டால் மறக்காது.
வயிறுதான் தகராறு, ஒவ்வொரு முறையும் நழுவுகிறது.
கை, கன்னடத்திலும் கை.
நோவு, அங்கேயும் நோவு.
இந்த இரண்டையும் அடித்துவிட்டேன் பட்டியலில்.

சனிக்கிழமை முனிலட்சுமி
புதிதாக ஒன்று கேட்டாள்:
நோயாளியைத் தொட்ட அனுபவம் உண்டா?

கட்டிலைத் துடைக்கலாம் நாங்கள்.
கட்டிலின் கால், கட்டிலின் கம்பி,
அடியில் உருண்ட மாத்திரை.
கட்டிலில் கிடப்பவரைத் தொடக்கூடாது.

ஜூலையில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும்.
பதினாலாம் கட்டில்.
சாரத்திலிருந்து விழுந்த பையன்,
இரண்டு கையும் தோள்வரை மாவுக்கட்டு.
ஒடியாவோ வங்காளமோ, என்னவோ சொன்னான்.
புரியவில்லை என்றதும்
முகத்தைச் சுருக்கினான், விரித்தான்,
தலையணையில் தலையை உரசிக் காட்டினான்.
நர்ஸ் அடுத்த வார்டில்.
மாப்பைச் சுவரில் சாய்த்தேன்.
கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி
வலது புருவத்துக்கு மேலே
சொறிந்துவிட்டேன்.
இல்லை, இன்னும் மேலே என்று
கண்ணாலேயே நகர்த்தினான் விரலை.
அந்த இடம் வந்ததும்
மூச்சுவிட்டான் பாருங்கள்,
பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு படுத்தார்.

கேமரா பார்த்திருக்கிறது.
மறுநாள் சூப்பர்வைசர் நாகரத்னம்மா
தாளொன்றை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன்.
கோப்பில் இருக்கிறது அது, முழுப்பெயரோடு.

'தொட்டதில்லை என்று சொல்' என்கிறாள் முனிலட்சுமி.
'உண்டு என்றால் உடனே
யார் அனுமதித்தது என்பார்கள்.'
சரி என்றேன்.
'இல்லா' என்று சொல்லிப் பார்த்தேன், கன்னடத்தில்.
'இன்னும் பலமாக' என்றாள்.
தமிழில் சொன்னாலும் அதே மெலிசாகத்தான் வந்தது.

ஞாயிறு ராத்திரி. சேலைக்கு இஸ்திரி ஆயிற்று.
மகன் தூங்கிவிட்டான், ஃபைலைத் தலைமாட்டில் வைத்து,
எலி வருமாம்.
நகத்தைக் கட்டாயம் பார்ப்பார்களாம்.
குழாயடி விளக்கில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக ஒட்ட வெட்டுகிறேன்.
இடது கை முடிந்தது.
வலது கையில் ஆள்காட்டி விரலைத் தாண்டி
நடுவிரலுக்குப் போய்விட்டேன்.
திரும்பி வந்து
அதைக் கடைசியாக.