குளோஸ் வெயிட்

ஜுபைல், காலை ஏழு பத்து.
வெளியே நாற்பத்து நான்கு டிகிரி,
உள்ளே ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
முதல் டிக்கெட் ரோமெலுடையது:
"ஸ்டோர் கம்ப்யூட்டர் ஸ்லோ பாய், ரொம்ப ஸ்லோ."

அது பெர்க்மான்ஸின் மேசை.
அவன் ஃபைனல் எக்சிட்டில் போய்
இன்றோடு நாற்பத்தோரு நாள்.
வால்வு, கேஸ்கட், போல்ட் கணக்குக்கு
அவனே எழுதிவைத்த சின்ன நிரல் மட்டும்
இன்னும் ஓடுகிறது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் அடித்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
குளோஸ் வெயிட், குளோஸ் வெயிட்.

இணைப்பு என்றால் கம்பி இல்லை.
இரண்டு பெட்டிகள்
ஒன்றையொன்று ஞாபகம் வைத்திருப்பது.
இருக்கியா? இருக்கேன், நீ? இருக்கேன்.
அப்புறம் பைட் பைட்டாக எண்ணி வரவு வைப்பது,
வராததைத் திரும்பக் கேட்பது.
மேலே ஒருவன் சீட்டு ஆடிக்கொண்டிருந்தாலும்
விண்டோஸ் அடியில் இந்தப் பேரேட்டை
எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

முடிப்பதற்கு நான்கு சொல் வேண்டும்.
முடிச்சிட்டேன்.
சரி.
நானும் முடிச்சிட்டேன்.
சரி.

சர்வர் முதல் சொல்லைச் சொல்லிவிட்டது.
கெர்னல் கேட்ட நொடியிலேயே சரி என்றது,
அதற்கு மரியாதை தெரியும்.
மூன்றாவது சொல் நிரலின் வாயில் இருக்கிறது.
அது வாயைத் திறக்கவில்லை.
மற்ற காத்திருப்பெல்லாம்
நாலு நிமிஷத்திலோ நாற்பதிலோ அலுத்துக் கலைந்துவிடும்.
இதற்குக் கெடு கிடையாது.

எண்ட் டாஸ்க்.
அறுநூற்றுப் பன்னிரண்டும் ஒரே அமுக்கில் போயின.
ரோமெல் சிரித்து, ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தான்.

திரும்பி வரும்போது போன் அதிர்ந்தது. பெர்க்மான்ஸின் குரல்,
பின்னால் எங்கோ பஸ் ஹாரன்:
"அண்ணே, செட்டில்மெண்ட் காசு என்னாச்சு?
பேப்பர் கிடைச்சுதுன்னு மட்டும் சொன்னாங்க."

இது மூன்றாவது செய்தி.
முதல் இரண்டுக்கும்
கேட்ட நொடியிலேயே கட்டைவிரல் போட்டிருந்தேன்.
நல்ல கெர்னல்.

பேரீச்சங்கொட்டையை டிஷ்யூவில் சுருட்டி வைத்தேன்.
எச்ஆர், எக்ஸ்டென்ஷன் இருநூற்றுப் பதினாலு.
மணி போகிறது.
எடுக்கவில்லை.
மறுபடி மணி போகிறது. ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி
அடுத்த டிக்கெட்டைத் திறக்கிறேன்,
வைக்கவில்லை.