எனக்கு முன்னால் பதினோரு பேர்

செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றார்கள்.
செவ்வாய் வந்தது. அது வரவில்லை.
காலியிட விவரம் பின்னர் அறிவிக்கப்படும்
என்று ஒரு வரி மட்டும்.
பின்னர்னா எத்தனை மணி என்கிறார் அப்பா.
அவருக்கும் அதே சொல்தான் வாய்த்திருக்கிறது:
மீன்துறை ஆபீஸ் பலகையில், சாக்பீஸில்,
காற்று ஐம்பத்தைந்து. டோக்கன் பின்னர்.

தெற்குவாடியில் எங்கள் வீட்டுக்குள்
சிக்னல் ஒரு கோடு.
குந்துகால் ரோட்டில் கவிழ்ந்து கிடக்கும்
ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றால்
மூன்று கோடு.
நேற்றிரவு அங்கேதான் நின்றேன்,
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து,
வாடைக்காற்று துப்பட்டாவைப் பிடுங்க.
கிணுங் என்றது.

இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.
அழைப்புக்கான கட்டணம் நிமிடத்துக்கு

அதற்குமேல் வாசிக்கவில்லை.
இரண்டு வருஷம் படித்ததற்கு
ஒரு நாடாவது என்னை அழைத்ததே
என்று சொல்லிக்கொண்டே
ஐஸ் பெட்டியிலிருந்து குதித்தேன்.
கால் பிசகிக்கொண்டது.
எந்தத் தசைநார் என்று தெரியும்.
தெரிந்து என்ன.

அம்மா மண்டபத்தில் நண்டு கம்பெனி.
கால் சதை தனி, உடல் சதை தனி.
ஓட்டுத்துணுக்கு ஒன்று கிடந்தாலும்
டப்பா திரும்பி வந்துவிடும்.
அந்தக் கண்ணோடுதான்
அரசுப்பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியலை
என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.
எனக்கு மேலே பதினோரு பேர்.
பதினொன்றும் இப்போது அவளுக்கு மனப்பாடம்.
பட்டியலில் ஊர் போட்டிருக்காது;
அம்மாவே ஊர் கொடுத்துவிட்டாள்.
மகிழ்வதனி தென்காசிப் பிள்ளையாம்.
திலீபராஜ் மலைப்பக்கம், அப்பா இல்லாதவனாம்.
கிருபாஷினிக்கு மட்டும் ஊர் அமையவில்லை,
அவள் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கிறாள்.

அந்தோணியார் கோயிலில்
பதினோரு மெழுகுதிரி.
எனக்கு ஏத்துனியாம்மா?
ஒனக்கெதுக்கு. அவுக நகந்தா நீ நகருவ.

மகிழ்வதனிக்கு டெல்லியிலேயே கிடைக்கட்டும்.
திலீபராஜுக்கு மாட்டு டாக்டர் படிப்பு
பிடித்துப்போகட்டும்.
நல்லபடியாகவே நகரட்டும், புனிதரே,
ஒருத்தருக்கும் காய்ச்சல்கூட வரவேண்டாம்.

நான் அத்தனை நல்லவளில்லை.
ஒரு ராத்திரி,
யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழ்
பஸ் சீட்டில் மறந்துபோகட்டும் என்று நினைத்தேன்.
ஒன்றே ஒன்று. ஒரிஜினல்.
நினைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.
அப்போதுதான் உறைத்தது,
எனக்குக் கீழேயும் ஒருவன் இருக்கிறான்.
பெயர் செங்கதிர்வேல். நாலு மார்க் குறைவு.
அவன் அம்மா எந்த ஊரில்
என் பெயரைச் சொல்லி
எதை ஏற்றிக்கொண்டிருக்கிறாளோ.
கால் பிசகியது அதனால் இருக்காது.
இருக்காது.

இன்று சாயங்காலம் புதுப் பட்டியல் வந்தது.
மூன்று பேர் போய்விட்டார்கள்.
அப்பா விரல் விட்டு எண்ணிவிட்டு
வலையைப் பார்க்கப் போனார்,
வலைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.
அம்மா வேனிலிருந்து இறங்கி
எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்தாள்,
போகாத வாடையை.
சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தபடி
வரிசையாகக் கேட்டாள்.

மகிழ்வதனி?
போயிட்டா.
நெசமா? நல்லா இருக்கட்டும்.
திலீபன்?
அவனும்.
கிருபாஷினி?
இருக்காம்மா. அப்படியே இருக்கா.

பிசைந்த கை நின்றது.

ஏன்டி,
அந்தப் புள்ளைக்கு இன்னும்
ஒண்ணுமே கெடைக்கலயா?