ஞாயிற்றுக்கிழமைப் புல்

ஆறு நாளும் செம்பனைக் காட்டில்
முதுகில் பதினாறு லிட்டர் மருந்துத் தோம்பு.
மண்டோர் கைகாட்டும் நிரையில்
நான் நடந்தால்
பின்னால் எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிடும்.

ஏழாம் நாள்
பகாவ் தாமான் வீட்டுப் பின்கட்டில், பத்தடிக்கு எட்டடி.
வெண்டை, நாலு கத்தரி, சாக்கடையோரம் கங்கோங்.
குந்தி உட்கார்ந்து
கையால் பிடுங்குகிறேன்.

"போத்தல்ல கொஞ்சம் கொண்டாந்திருக்கலாமே,
ஒரு மூடி போதும்" என்கிறான் தவநேசன்,
கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

மூக்கில் ரத்தம் வந்த வாரத்தைப் பற்றி
அவனிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.
மூன்றாவது முறை புல்லிடம் சொல்கிறேன்.

லாலாங் இழுத்தால் வரும், விரலை அறுத்துக்கொண்டு.
தொட்டாற்சிணுங்கி இலையை மடக்கும்,
முள்ளை மடக்காது.
கோரைதான் கெட்டிக்காரி.
மேலே ஒன்றைப் பிடுங்கினால்
கீழே கிழங்கு கிழங்காய்க் காத்திருப்பாள்.
அவளுக்காக மைலோ பெட்டியைப் பிரித்து விரித்து
காய்ந்த புல்லைப் பரப்பினேன்.
மூன்றே வாரம்.
அட்டையைக் குத்திக்கொண்டு,
மைலோவின் கடைசி எழுத்து வட்டத்துக்குள்ளிருந்து
பச்சையாய் ஒரு கூர்முனை.

சிரித்துவிட்டேன்.

நாளைக்கு இவள் சொந்தக்காரர்களை
ஆறு ஏக்கர் கொல்லுவேன், நாள்சம்பளத்துக்கு.
இன்றைக்கு இவள் ஒருத்திதான்,
கிழங்கு அறாமல், ஆணியால் நோண்டி நோண்டி.

மத்தியானம் கங்கோங் பறித்தேன்.
கடைக்கீரையை ஐந்து தண்ணீர் அலசுவேன்.
இதை
இரண்டே தண்ணீர்.