உப்பு வண்டி வரும் தெரு

வேதாரண்யத்திலிருந்து செவ்வாய் தவறாமல்
டி.வி.எஸ். வண்டியில் வருகிறார் உப்புக்காரர்.
திருத்துறைப்பூண்டியின் இந்தத் தெரு முழுக்க ஹாரன்;
என் வாசலில் மட்டும் அடிக்கமாட்டார்.
"ஒம் புள்ளைங்க தூங்கட்டும்" என்பார்,
பீடியை மறு கடைவாய்க்கு மாற்றிக்கொண்டே.

பிள்ளைகள் இருநூற்றுப் பதினான்கு.
மீன் மார்க்கெட்டில் கெஞ்சி வாங்கிய
தெர்மோகோல் பெட்டிகள் ஒன்பதில்,
தென்னை நார்த்தூள் மெத்தையில்.
பெரியதை ஏந்தினால்
உள்ளங்கை போதாமல் மணிக்கட்டில் வழியும்.

பகலில் நான் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
எரிந்துபோன ஐந்து ஹெச்.பி.யின் வயிற்றிலிருந்து
உருவிய செம்புக் கம்பியை
ஒவ்வொரு விளிம்பிலும் மூன்று சுற்று ஓட்டியிருக்கிறேன்.
கொம்பு பட்டதும் சுருங்கும்,
திரும்பிப் போய்விடும்.
கரண்ட் இல்லாமலே ஷாக்.

"மூலத்துக்கு நல்லதாமே, கிலோ என்னா?"
இது வயல் நத்தை இல்லைங்க என்று
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
உண்மையில் வாங்குபவர்கள் இரண்டே பேர்.
காரைக்காலில் சோப்பு காய்ச்சும் பிலோமினா,
வழுவழுப்பை மில்லிக் கணக்கில் கேட்பவர்.
செத்ததன் ஓட்டில் சாவிக்கொத்து செய்யும்
மன்னார்குடிக்காரர், எப்போதும் பாக்கி.
போன மாத வரவு ஆயிரத்து நூறு.
வெள்ளரி, சுரைக்காய் போக
மிச்சத்தை நான் பொற்கொடியிடம் சொல்லவில்லை.
முட்டை ஓடு மட்டும் இலவசம்,
துரைக்கண்ணு டீக்கடையில் ஆம்லெட் உள்ளவரை.
நுணுக்கித் தூவினால்
நடுராத்திரியில் அவை அரம் போடுவது கேட்கும்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இதெல்லாம் என்றால்
சிரிப்பீர்கள்.

முட்டைகள்தான் சங்கடம்.
ஆண் பெண் என்று இல்லை, எல்லாமே இடும்.
குழிக்கு நூறு, நூற்றைம்பது,
வேகாத ஜவ்வரிசி போல.
வேளாண்மை ஆபீஸ் சுவரில் பார்த்திருக்கிறேன்,
என் பெட்டியில் இருக்கும் அதே முகம்,
கீழே: கண்டவுடன் அழிக்கவும்.
அதனால் கரண்டியால் தோண்டி எடுத்து
எவர்சில்வர் டப்பாவில் அடைத்து
இரண்டு நாள் ஃப்ரீசரில் வைக்கிறேன்.
ஒருமுறை பொற்கொடி
பாயசத்துக்கென்று அதை எடுத்துவிட்டாள்.
பிறகு மூடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு.
இதுவரை எத்தனை என்று கேட்காதீர்கள்.
எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

ஆடியில் முள்ளியாற்றுக்குத் தண்ணீர் வந்தது.
ஊரே மதகடியில் நின்று பார்த்தது.
ஆறு ஓடினால் மோட்டார் ஓடாது,
ஓடாத மோட்டார் எரியாது.
மூன்று வாரம் ஒரு காயிலும் வரவில்லை.
கேஸ் சிலிண்டர் தீர்ந்த அன்று
பெட்டிகளின் செம்பையெல்லாம் அவிழ்த்து
பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டேன்.

அன்றைக்கென்று மழை.

நாலு மணிக்கு ஜெய்தூன் பீவி கதவைத் தட்டினார்.
ஒரு கையில் டார்ச்,
இடுப்பில் உப்புச் சட்டி, மூடியோடு.
கொல்லையில் அவர் பப்பாளிக் கன்றுகள்
சல்லடையாக நின்றன.
"பதினேழு எண்ணிருக்கேன்.
நீயே பொறுக்கு. மீந்தா நான் பாத்துக்கறேன்."

பத்தொன்பது பொறுக்கினேன்,
அகத்தித் தண்டிலிருந்து,
துவைகல்லின் அடியிலிருந்து,
அவர் செருப்பிலிருந்தே ஒன்று.
"சரியா இருக்கா?"
"இருக்கு."

வீட்டில் பெட்டிகளில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
கூட்டிப் பார்த்தேன். விரலை மடக்கியும் பார்த்தேன்.
இரண்டு குறைந்தது.
ஒன்று போதும் ஒரு தெருவுக்கு.

விற்ற விலைக்கு மேல் எண்பது ரூபாய் கொடுத்து
செம்பை மீட்டு வந்தேன்.
மறு செவ்வாய் உப்பு வண்டி
வாசலைச் சத்தமில்லாமல் தாண்டியபோது
கையைக் காட்டி நிறுத்தினேன்.
ஒரு படி.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
பெட்டிகளைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
அளந்து முடித்து
கொசுறாக ஒரு கை
கூடப் போட்டார்.