இரண்டு வரிக்கு மேல் கூடாது

மருதானையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறரை மணிக் காட்சி.
தேசிய கீதத்துக்கு எழும்பி நின்றுவிட்டு
சொட்டும் குடைகளைக் காலடியில் போட்டு உட்கார்ந்தோம்.
படத்தின் அடியில் ஓடுகிற தமிழ் என்னுடையது.
நிமிடக் கணக்கில் கூலி.
இரண்டு வரிக்கு மேல் கூடாது,
வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
காற்புள்ளியும் கணக்கில் சேரும்
என்று சொல்லித்தான் தந்தார்கள்.

அதற்குள் அடங்குகிற காதல்தான்.
அவன் சோதனைச் சாவடிச் சிப்பாய்.
அவள் வவுனியாவிலிருந்து வந்து இறங்கும் ஆசிரியை.
அடையாள அட்டையை வாங்குகிறான்.
படத்தைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான்,
திரும்பவும் படத்தை.
கொடுக்கும்போது விரலில் விரல் படுகிறது.
வயலின்.
பல்கனியில் விசில்.

பக்கத்தில் நாகபூஷணி அக்கா. வெள்ளவத்தையில் மருந்துக்கடை.
காசில்லாத டிக்கெட் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.
விசில் அடங்குமுன் கைப்பையின் சிப்பை இழுத்தார்.
இருமல் மிட்டாய் தேடுகிறார் என்று நினைத்தேன்.
எடுத்தது அடையாள அட்டை.
இடைவேளை வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.
ஒருவரும் கேட்கவில்லை.
எடுத்தது அவருக்கே தெரிந்திருக்காது.

இந்த மண்டபத்தில் பகிடிக்கு
சிங்களம் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள்.
என் எழுத்தை வாசிப்பவர்கள் அரை நொடி பிந்தி.
ஒரேயொரு இடத்தில் மாறி நடந்தது.
பிரிகிற காட்சி. நாயகி மூன்று மாதம் தமிழ் படித்தவளாம்.
கண் நிறைய நீரோடு வானத்தைப் பார்த்து
"மலை வருகுது, போங்கோ" என்றாள்.
எங்கள் பக்கத்து ஆறு வரிசையும் வெடித்தது.
மற்றவர்கள் அழுத முகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்,
செத்த வீட்டில் சிரித்தவர்களைப் பார்ப்பது போல.
அவர்களுக்கான சிங்கள எழுத்தில்
மழை சரியாகத்தான் பெய்துகொண்டிருந்தது.

இடைவேளையில் பெண்கள் கழிவறை.
வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அம்மா
குழாயைப் பிடித்தபடி நின்றார், திறக்கவில்லை.
அவன் முன்னரங்குக்கு லொறி ஏறிய உடனேயே
எழும்பி வந்துவிட்டாராம்.
"என் மகனும் இவ்வளவு உயரம்"
சிங்களத்தில், கண்ணாடியிடம்,
கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.
அக்கா அட்டையை என்னிடம் நீட்டி
"பிடி இதை" என்றார். பிறகு குழாயைத் திறந்துவிட்டார்.
வேறொன்றும் பேசவில்லை, இரண்டு பேரும்.
அட்டையில் இருபத்தெட்டு வயது அக்கா,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பிற்பாதியில் ஒரு பங்கர்.
ஷெல் சத்தத்துக்கு நடுவில் அவன் சொல்வான்:
பயப்படாதே, நான் இருக்கிறேன்.
சிங்களத்தில் ஐந்து சொல், தமிழில் மூன்று.
அரை வரிக்கு மேல் மிஞ்சியிருந்தது.
அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு
இரவு ஒரு மணி வரை இருந்தேன்.
அவன் இருந்ததுதானே பயம்.
பிறகு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன்.

இப்போது மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்.
முன்னால் யாரோ ஒருவர்,
ஆணா பெண்ணா தெரியவில்லை,
மூக்கால் ஒரு காற்று விட்டார். அவ்வளவுதான்.
"தென்னங்குற்றி அடுக்கியிருக்கிறாங்கள்" என்றார் அக்கா.
"ஷெல்லுக்கு நிக்காது."

வெளியே சுவரொட்டிக்கு முன்னால்
சோடி சோடியாக நின்று படம் எடுத்தார்கள்.
"அனே பவ், அனே பவ்" என்று ஒருத்தி
அவனுக்கோ அவளுக்கோ சொல்லிக்கொண்டு போனாள்.
தயாரிப்பாளர் அலுவலகத்துத் திலினி
வீங்கிய கண்ணோடு ஓடி வந்து
அக்காவின் கையைப் பிடித்தாள். எப்படி, படம் எப்படி?
அக்கா கொஞ்சம் யோசித்தார்.
"பாட்டு நல்லம்."

முச்சக்கர வண்டியின் படங்கில் மழை.
பம்பலப்பிட்டி தாண்டும் வரை பேச்சில்லை.
பிறகு, சாரதிக்குக் கேட்காத குரலில்:
"அவன் அட்டையைத் திருப்பிக் குடுத்தவன், என்ன?"

ஓம் அக்கா, என்றேன்.
குடுத்தவன்.