ஒன்பதாவது கட்டம்

விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது கட்டம் கேட்டது:
எதிர்பார்க்கும் பெறுபேறு யாது?
வெள்ளவத்தைக் கால்வாயில்
மீன் மூச்சுவிட எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று எழுதினால் காசு தருவார்களா
என்பதும் தெரியாது.
எழுதினேன்.
தந்தார்கள்.

பதினாறு வருஷமாய்க் கரும்பலகையில் மீன் வரைகிறேன்.
செவுளுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி,
கரைந்த ஒட்சிசன்.
மூன்று புள்ளி வைத்த பிள்ளைக்கு
மூன்று புள்ளி.
ஆய்வுகூட அலுமாரியின் திறப்பு
எந்த அதிபரோடோ இடமாற்றம் போய்விட்டது.
கண்ணாடிக்குப் பின்னால் அளவிகள் நிற்கும்,
தூசு அவற்றில் ஒவ்வொரு கோடாய் ஏறும்.

எட்டு வாரம்.
ஆசிரியைக்கு இவ்வளவு, மாணவனுக்கு இவ்வளவு,
போக்குவரத்துச் செலவு பற்றுச்சீட்டுடன்.

நுஸ்கி மூன்றாம் வருஷம், மாவனல்லை.
விடுமுறையென்றால் நடுச்சாமம் வரை
மோட்டார்சைக்கிளில் கொத்துரொட்டி கொண்டு ஓடுகிறவன்.
உதவித்தொகையை அதிலேயே கணக்குப் பார்த்தான்:
"நாளைக்குப் பதினொரு டெலிவரி, டீச்சர்.
மழை இல்லை. நாய் இல்லை.
மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டுவிட்டு
கதவு திறக்காத ஆள் இல்லை."

காலை ஆறேகாலுக்குப் பாலத்தடி.
அவன் கயிற்றில் போத்தலை இறக்குவான்,
நான் நேரம் எழுதுவேன்.
காலி வீதி தலைக்குமேல் ஹோன் அடித்துக்கொண்டு போகும்.
ஒருநாள் கபரகொய்யா ஒன்று நீந்தி வந்து
எங்களைப் பார்த்துவிட்டு
வேறு வேலை இருப்பதுபோல் திரும்பியது.
அதையும் எழுதினோம்.

மங்கனீசு விட்டால் தண்ணீர் மண்ணிறமாய்த் திரளும்.
அமிலம் விட்டால் தேன்.
மாப்பொருளுக்குக் கருநீலம்.
பிறகு அளவியிலிருந்து துளி, துளி,
இன்னும் ஒரு துளி,
நீலம் இல்லை.
குடுவையைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் தேடினேன்.
இந்த நிறமாற்றத்துக்கு
உயர்தரத்தில் முழுப்புள்ளி வாங்கியவள் நான்.
கண்டது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் வாரம் மூன்றாம் போத்தல் ஒத்துவரவில்லை.
மற்ற இரண்டும் ஒன்றரை.
இது இரண்டரை.
நுஸ்கி கரைசல்களைச் சந்தேகித்தான்,
தராசைச் சந்தேகித்தான்,
தன்னைச் சந்தேகித்தான்.
மூடியது நான்.
மூடும்போதே தோளில் ஒரு குமிழி,
திராட்சையளவு, நின்றதைக் கண்டேன்.
பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பேசாமலிருந்தேன்.
பத்து மணிக்குச் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.
"இரண்டரையை அழிக்காதீங்க டீச்சர்.
பக்கத்தில் குமிழி என்று எழுதுங்க."

குமிழி. எழுதினேன், பேனையால்.
எழுதும்போது ஜெனிஸ்டா ஞாபகம் வந்தாள்.
எந்த வருஷமோ,
பனிக்கட்டி இரண்டு பாகையில் உருகியதாய்
கண்டதைக் கண்டபடி எழுதியவள்.
பூச்சியம்தான் சரியான விடை.
பூச்சியமே போட்டேன்.

தனியார் பஸ்ஸில் டிக்கெட் தருவதில்லை,
ஆகவே எனது இரண்டாயிரத்து நானூறு ரூபாய்
கணக்காய்வுக்குள் கரைந்துபோனது.
அடுத்த வருஷத்து நிதி பரிசீலனையில் இருப்பதாக
திருமதி பீரிஸ் தொலைபேசியில்
மிகப் பணிவாய்ச் சொல்கிறார்.
கால்வாயின் ஒன்றரை
இருபத்திரண்டு பக்க அறிக்கையில் இருக்கிறது,
பின்னால் கூட்டல் கழித்தல் குறியோடு.
நுஸ்கி பழையபடி கொத்து கொண்டு ஓடுகிறான்,
கால்வாயைக் கடக்கும்போதெல்லாம்
பாலத்தில் வேகத்தைக் குறைக்கிறானாம்.

நேற்று மீன்கடையில் ஐஸ் வாங்கி
பத்தாம் வகுப்பு மேசையில் ஒரு பேசினில் கொட்டி
பாடசாலையின் அந்தப் பழைய வெப்பமானியை
அதற்குள் வைத்தேன்.
நாற்பத்திரண்டு பிள்ளைகள் முறைவைத்துக் குனிந்தார்கள்.
இரண்டு.
கலக்கினோம். காத்திருந்தோம். ஐஸ் வாங்கிய துணி நிலமெல்லாம் சொட்டியது.
இரண்டு.
கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்:
"எதை எழுதுறது, டீச்சர்?"