பதினொரு நொடி

நான் படம் பிடித்தது நாயைத்தான்.
சொன்னால் இப்போது எவரும் நம்புவதில்லை.

குத்தாயிசி நகரம், ரியோனி ஆற்றங்கரை,
நான்காம் மாடிக் கம்பியில்
ஈரத் துணி மாட்டிக்கொண்டிருந்தேன்.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று
சிக்னலில் பச்சை விழும்வரை
ஆட்களோடு ஆளாய் நின்றது.
அதற்காகத்தான் கைபேசியை எடுத்தேன்.

வலது ஓரத்தில், நான் கவனிக்கவேயில்லை,
ரொட்டிக்கடை லமாரா
மண்ணடுப்பின் சுவரிலிருந்து அப்போதுதான் உரித்த
நீள ரொட்டி ஒன்றை
ஒரு மனிதனின் முதுகில் வீசுகிறாள்.
அது தரையில் விழுகிறது.
அவன் குனிந்து எடுக்கிறான், முத்தமிடுகிறான்,
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறான்.

தங்கை மாக்வலாவுக்கு அனுப்பினேன்:
"நாயைப் பாரேன்!"
அவள் யாருக்கு அனுப்பினாளோ.
மாலைக்குள் ஊர் முழுக்க ரொட்டி.

அடித்தாள் என்றது ஒரு கூட்டம்.
ஊட்டினாள் என்றது இன்னொன்று.
திருடன் என்றார்கள். இல்லை, பழைய புருஷன் என்றார்கள்.
விழுந்ததை முத்தமிட்டானே, அதுதான் வளர்ப்பு என்று
மெச்சினார் ஒரு பாதிரியார்.
எறிந்தவளுக்கு எங்கே போயிற்று வளர்ப்பு என்று
அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர்.
பாதி வேகத்தில் ஓட்டிக் காட்டினான் ஒருவன்;
பாதி வேகத்தில்
யார் கையும் கொலைகாரன் கைதான்.
நிழலை அளந்து மணி ஒன்பது என்றான் ஒருவன்.
ஒன்பது மணிக்கு அவள் விற்பது நேற்றைய ரொட்டி என்றான்
இதுவரை அவளிடம் ரொட்டியே வாங்காதவன்.
முதுகில் படும் இடத்தில் சரியாக
மேளம் ஒன்றைச் சேர்த்தான் வேறொருவன்.
அதற்கு நானும் சிரித்தேன்.
அதையும் எழுதி வைக்கிறேன்.

போலந்தில் குழாய் பழுதுபார்க்கும் ஸுராப்,
பதினாறு வருஷமாய் இந்தத் தெருவை மிதிக்காதவன்,
இரவு இரண்டு மணிக்கு எழுதினான்:
"அவளை எனக்குத் தெரியும்."
எப்படித் தெரியும் என்று கேட்டவர்களுக்கு
விடியும்வரை பதில் இல்லை.
பதில் இல்லாததே பதில் என்றார்கள்.

பிறகு அவள் வாயசைவு.
"செத்துப் போ" என்கிறாள்.
இல்லை, "சாப்பிட்டுப் போ" என்கிறாள்.
மாமனும் மருமகனும் இதில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.
கடைசியில்
காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் ஓத்தாரிடம் போனார்கள்.
பிறவியிலேயே காது கேட்காதவர்,
உதடுகளைப் படித்தே ஐம்பதைத் தாண்டியவர்.
மூன்று முறை பார்த்தார்.
தாளில் எழுதி நீட்டினார்:
"மறந்துட்டுப் போறியே."

ஓர் இரவு அமைதி.
விடிந்ததும்
ஓத்தார் யார் பக்கத்து ஆள் என்று விசாரணை.

நான் அழித்துவிட்டேன்.
என்னிடம் மட்டும் அழிந்தது.

வியாழக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன்.
எப்போதும் என் தலையைக் கண்டதும்
சன்னல் வழியே தூக்கிப் போடுவாள்.
சூடு பொறுக்காமல் கைக்குக் கை மாற்றி
நான் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.
அன்று காகிதத்தில் சுற்றினாள்.
இரண்டு கையாலும் நீட்டினாள்,
தூங்கும் பிள்ளையை மாற்றிக் கொடுப்பதுபோல.
சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.
பிறகு நிமிர்ந்து
எதிர்க் கட்டடத்தை
மாடி மாடியாக, கம்பி கம்பியாகப் பார்த்தாள்.

நான்காம் மாடியில் என் சிவப்புப் போர்வை.
அந்தப் படத்தின் மேல் விளிம்பிலும்
ஒரு விரற்கடை சிவப்பு ஆடும்.
நிழலை அளந்தவன்கூட அதை அளக்கவில்லை.

"இன்றைக்கு நல்ல காற்று.
துணி சீக்கிரம் காய்ந்துவிடும்" என்றாள்.
ஆமாம் என்றேன்.

ரொட்டி காகிதத்துக்குள்ளும் சுட்டது.
திரும்பும்போது பச்சையா சிவப்பா என்று பார்க்கவில்லை.
ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது,
கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரின் வாய்
திறந்து திறந்து மூடியது.
என்ன சொன்னான் என்று
என்னைக் கேட்காதீர்கள்.